சார்ஜ் விளக்கா, பேட்டரி விளக்கா?

கோவை அருகே உள்ள வெள்ளியங்கிரி மலையை இரவில் ஏறுபவருக்கு ஒரு கையில் மூங்கில் தடி இருக்கும். வெளிச்சம் நெற்றியில் இருப்பதே நல்லது. யூஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் நெற்றி விளக்கு வாங்குவதா, ரிமோட்டில் போடும் சிறிய பேட்டரிகளில் எரிவதா?

ஓர் இரவுக்கு என்றால் சார்ஜ் விளக்கு போதும். பூண்டி அடிவாரத்துக்குக் கிளம்பும் முன் முழுக்க ஏற்றிக்கொள்ளுங்கள். அதன் பலவீனம் சார்ஜ் துளைதான். மூடியிருக்கும் ரப்பர் நாளடைவில் தளர்ந்துவிடும். போன ஆடியில், வால்பாறை மழையில் என் விளக்கு அப்படித்தான் அணைந்தது. கூட வந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அந்த விளக்கின் அட்டைப்பெட்டியில் 'ஐபிஎக்ஸ்4' என்றிருந்தது. அது தெறிக்கும் நீரைத் தாங்குவதற்கான தரம். 'ஐபிஎக்ஸ்7' என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். நாள் முழுக்கப் பெய்யும் மழைக்கு நான் 7-ஐத்தான் நம்புவேன், எந்த வகை விளக்கானாலும்.

மின்சாரம் இல்லாத இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குவதென்றால் பேட்டரி விளக்கே என் தேர்வு. எடை சற்றுக் கூடுதல்தான். ஆனால் மாற்றுப் பேட்டரி பையில் இருந்தால் இருட்டில் நிற்க வேண்டியதில்லை. மாற்றும்போது மூடியின் ரப்பர் வளையத்தில் மண் ஒட்டக்கூடாது. வீடு திரும்பியதும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்; கசிந்தால் உள்ளே அரித்துவிடும்.