தோவாளையில் பிள்ளைகளுக்குப் பூ வாங்க ஒரு கடை

பேத்திக்கு ஆறு வயது, பேரனுக்கு மூன்றரை. மகளும் மருமகனும் காலையில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். பிள்ளைகள் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் என்னோடு.

பேத்தியின் ஆக்டிவிட்டி புத்தகத்தில் செப்டம்பர் மாதப் பக்கத்தில் சிவந்த மேப்பிள் இலையும் மத்தங்காயும் வரைந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ரப்பர் இலை சிவந்து உதிர மார்கழி, தை ஆகவேண்டும். ஆவணியில் எங்களுக்கு வாய்ப்பது பூதான். ஓணத்துக்கு, அத்தம் நட்சத்திரம் தொடங்கி திருவோணம் வரை முற்றத்தில் தினமும் அத்தப்பூ என்ற பூக்கோலம் போடுவோம். சின்னப் பிள்ளைகளைக் கைவேலையில் உட்கார வைக்க இதைவிட நல்ல காலம் எனக்குத் தெரியவில்லை.

முந்தின வருஷம் ஆன்லைனில் பூக்கோலம் போட ஒரு பாக்கெட் வாங்கினோம். ஓட்டை போட்ட அட்டையும் சாயம் போட்ட ஆறு நிற மரத்தூளும் இருந்தன. அட்டை மேல் தூவி எடுத்தால் வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. பிள்ளைகள் யோசிக்க ஒன்றுமில்லை. மழைச்சாரல் பட்டதும் சிவப்புச் சாயம் சிமென்ட் தரையில் இறங்கிவிட்டது, பேரன் கைச்சாயம் போக இரண்டு நாள் ஆனது. அந்தக் கையைத்தானே அவன் வாயில் வைக்கிறான். இனி வேண்டாம் என்று 2025 ஓணத்துக்குத் தோவாளைக்கே போனோம்.

நாகர்கோவில் தாண்டி திருநெல்வேலி ரோட்டில் இருக்கிறது தோவாளை. விடியுமுன்னே சந்தை நிரம்பிவிடும், கேரள வியாபாரிகளின் வண்டிகள் வரிசையாக நிற்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை, மொத்த வியாபாரத்தின் வேகம் கொஞ்சம் அடங்கியிருந்தது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்த நேரம்தான் சரி. நான் சொல்ல வந்த கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சாக்கு விரிப்பு, தராசு, ஒரு பக்கம் துளசிக்கட்டு, மறுபக்கம் கூடை கூடையாகக் கேந்தி, அதாவது செண்டுமல்லி. நடத்துகிறவர் அறுபது வயது மதிக்கத்தக்க அண்ணாச்சி.

நான் கேந்தி, வாடாமல்லி, கோழிப்பூ, சிவப்பு அரளி என்று சொல்லச் சொல்ல நிறுத்துக்கொண்டே வந்தவர், பேரனைப் பார்த்ததும் அரளிக் கூடையைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டார்.

“இவன் கைக்கா டீச்சரே? அரளி தரமாட்டேன். வாயில வச்சான்னா வெசம். செவப்புக்குக் கோழிப்பூ கூட்டிப் போடுதேன்.”

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு இருந்த எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். உள்ளே போனால் இதயத் துடிப்பைக் கெடுக்கும். 2024 மே மாதம் கேரளக் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியே வேண்டாம் என்று நிறுத்தியது இதனால்தான். அந்தச் சந்தையின் பெருமையே அரளி கோத்த மாணிக்கமாலை, 2025இல் புவிசார் குறியீடு கிடைத்த மாலை. அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு வியாபாரி அரளி தரமாட்டேன் என்கிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கடையை நான் எல்லோருக்கும் சொல்லுவேன்.

அன்று மஞ்சள் கேந்தி கிலோ 70 ரூபாய், ஆரஞ்சும் அதே விலை. வாடாமல்லி அரைக்கிலோ, கோழிப்பூ அரைக்கிலோ, பச்சைத் தழை இரண்டு கட்டு. எல்லாம் சேர்ந்து 400 ரூபாய்க்குள் அடங்கியது. மூன்று நாள் கோலத்துக்குத் தாராளமாகப் போதும். பிச்சியும் மல்லியும் வாங்க வேண்டாம். விலையும் அதிகம், பிள்ளைகள் கையில் அரை மணிக்குள் வாடிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பூவைத் தரையில் பரப்பி ஃபேனைப் போட்டேன். இதழ் உதிர்க்கிறது பேத்தியின் வேலை. கேந்தியின் அடியிலிருக்கும் பச்சைக் குப்பியை ஒரு கையால் பிடித்து, மறு கையால் இதழ்க்கொத்தை ஒரு திருகு திருகினால் மொத்தமாக வந்துவிடும். முதல் பத்துப் பூவைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தாள். அதற்குப் பிறகு திருகு பிடிபட்டதும் என்னைவிட வேகம். பிரித்ததைப் போட இட்லித்தட்டு, குழிக்கு ஒரு நிறம்.

வட்டம் போட நூலும் சாக்பீஸும். நடுவில் பேரன் சம்மணம் போட்டு உட்கார்ந்து நூலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் தரையோடு அழுத்திப் பிடித்தான். மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி பேத்தி அவனைச் சுற்றி வந்தாள். அவன் விரல் நகர்ந்தால் வட்டம் கோணும். இது அவனுக்குப் புரிந்துவிட்டது, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தான். முதல் நாள் ஒரு வட்டம், தும்பை மட்டும். அது வேலியோரம் கிடைத்தது. அப்புறம் நாளுக்கு ஒரு வட்டம் கூடும், கூடவே எண்ணிக்கையும் பழகும். வாடாமல்லியைப் பிய்க்கவே கூடாது. முழுசாக ஒவ்வொன்றாக விளிம்பில் வைக்க அவன் கைக்கு அளவானது. அறுபத்திரண்டு வைத்தான் ஒரு நாள், நானும் கூடவே எண்ணினேன்.

குறையும் சொல்ல வேண்டும். திருவோணம் செப்டம்பர் 5. அதற்கு இரண்டு நாள் முன்னால் அதே கடைக்கு மறுபடி போனோம். கேந்தி 120 ரூபாய் ஆகிவிட்டது, ஓண நெருக்கத்தில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். ஆனால் பூவில் தண்ணீர் நிறையத் தெளித்திருந்தது. பிளாஸ்டிக் கவரில் கட்டியே தந்தார், அதையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. வீட்டில் கொட்டினால் அடியில் கால் கிலோ கருத்துப்போய்க் கிடந்தது. ஈரத்துக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தோம் என்று எனக்கு வருத்தம். துணிப்பை கொண்டுபோங்கள், கூடையின் அடியில் கைவிட்டு எடுத்துத் தரச் சொல்லுங்கள். சொன்னால் முகம் சுளிக்க மாட்டார். பிள்ளைகளை உட்கார வைக்க அங்கே இடமில்லை, தரையெல்லாம் ஈரமும் வாழைநாரும். ஒருவர் பூ பார்க்க, ஒருவர் பிள்ளை பார்க்க, பெரியவர்கள் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்.

ஓணம் முடிந்தும் பூ முடியவில்லை. கோழிப்பூவைக் காயவிட்டுத் தாளில் உதறினால் கடுகைவிடச் சின்னதாகப் பளபளவென்று கருப்பு விதை கொட்டும். பேரன் தீப்பெட்டியில் சேர்த்து வைத்து உடைந்த வாளியில் தூவினான், ஒரு வாரத்தில் முளைத்தது. கேந்தி இதழைப் படிகாரம் போட்டுக் கொதிக்கவைத்து வெள்ளைக் கைக்குட்டையை முக்கினோம், நல்ல மஞ்சள் பிடித்தது. வாடாமல்லியின் நிறம் காகிதம் மாதிரி உலர்ந்த செதிலில் இருப்பதால் பூ காய்ந்தாலும் நிறம் போகாது. மீதி இருந்ததை பேத்தி கோணி ஊசியில் கோத்து இரண்டு முழ மாலை ஆக்கினாள்.

அந்த மாலைக்கு அடுத்த வேலை புரட்டாசியில் வந்தது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமேலும், கூடவே குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் போகும்போது எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். பேத்தி காலையிலேயே மாலையைக் கேட்டில் கட்டிவிட்டாள். யானை வந்தபோது பேரனைத் தோளில் தூக்கினேன். அவன் சாமியைப் பார்க்கவில்லை, மாலையைக் காட்டி, “அறுபத்திரண்டு பூ பாட்டி” என்றான்.