வாப்பா ஹஜ்ஜுக்குப் போவதா, உம்மாவோடு நிற்பதா?

மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் ஓடுகிற கேள்வி. உம்மாவுக்குப் பாரிசவாதம், இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாப்பாவுக்கு வயது 67, காசும் இருக்கிறது, காலும் நடக்கிறது, அதனால் ஹஜ் அவர்மேல் கடமை. யாழ்ப்பாணத்து எங்கள் சோனகத் தெருவில் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள்.

இரண்டு பேரையும் கூட்டிப் போங்கள் என்பது ஒன்று. மார்க்கத்தில் தடையில்லை. தன் மனைவி உம்மு ஸலமா நாயகி சுகமில்லாமல் இருந்தபோது வாகனத்தில் இருந்தபடியே தவாப் செய்ய, அதாவது கஃபாவைச் சுற்றிவரச் சொன்னார்கள் நபியவர்கள். ஸபா, மர்வா குன்றுகளுக்கு நடுவில் ஸயீ ஓடுகிற இடத்தில் இப்போது வீல்செயாருக்குத் தனிப் பாதையே உண்டு, கல்லெறிய ஏலாதவருக்கு இன்னொருவர் எறியலாம். ஆனால் ஹாஜிகள் கூடாரத்திலும் வெளியிலும் தங்குகிற மினாவும் அரபாவும் வேறு கதை. 2024இல் வெயில் 51 பாகையைத் தாண்டி, 1,301 பேர் மௌத்தானதாகச் சவூதி அரசே சொன்னது. அதற்கு முதல் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு இரவிரவாக ரோட்டில் போக வேண்டும். இரண்டு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருக்க முடியாத மனுஷிக்கு இது சரிவராது. தை மாசக் குளிரில் உம்ரா என்ற சிறிய யாத்திரை என்றால் யோசிக்கலாம், ஆனால் அதனால் ஹஜ் கடமை கழியாது.

பதில் ஹஜ், அதாவது ஒருவருக்காக இன்னொருவர் போய்ச் செய்வது? வாப்பாவுக்காக யாரும் செய்ய முடியாது, அவர் நல்ல சுகத்தோடு இருக்கிறார். உம்மாவுக்குத்தான் அது பொருந்தும், அவருக்கென்று சொந்தக் காசு இருந்தால். போகிறவர் தன் ஹஜ்ஜை முதலில் முடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, தள்ளிப்போடுவது. ஹனபி சட்டவழிக்காரரைப் போல உடனே போயாக வேண்டும் என்று நம் ஷாபிஈ மத்ஹபில் (சட்டவழியில்) இல்லை, போகிற நிய்யத் (எண்ணம்) உறுதியாக இருந்தால் பிற்படுத்தலாம். மனைவி ருகையா நோயில் கிடந்தபோது உஸ்மான் நாயகத்தைப் பத்ருப் போருக்கு வராமல் நிற்கச் சொல்லி, போரில் நின்றவருக்குரிய கூலியும் பங்கும் உண்டு என்றார்கள் நபியவர்கள். ஹஜ்ஜுப் பெருநாளும் வருஷத்துக்குப் பதினொரு நாள் முன்னால் வருகிறது, 2030இல் ஏப்ரல் ஆகிவிடும், வெயிலும் குறையும். எனக்கு இந்த வழிதான் பிடித்திருந்தது, மௌலவி ஒரு விஷயம் சொல்லும்வரை: உடம்பு தளரும் என்று பயம் வந்துவிட்டால் அதன்பிறகு பிற்படுத்தக் கூடாது, போகாமலே மௌத்தானால் அவர் விட்டுப்போகிற சொத்திலிருந்து ஒருவரை அனுப்பிக் கடமையை நிறைவேற்ற வேண்டும். 67 வயதில் 2030ஐ நம்பி இருக்கிறதா?

அப்புறம் மிஞ்சுவது, வாப்பா தனியே குறுகிய நாள் பயணத்தில் போய்வருவது. செலவுக்கு வைத்துவிட்டுப் போனால் போதும் என்கிறார்கள் சிலர். காசா பிரச்சினை? சட்டை போடும்போது விழுந்த கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அது கடைசி. இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சம்பளத்துக்கு வந்த ஒரு பிள்ளை முதல் நாளே நல்ல கையில் தொடங்கி, உம்மா கத்திவிட்டார்.

இருந்தும் நான் இந்தப் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு: பார்க்கிற ஆள் முதலில் பழக வேண்டும், பிறகுதான் பெயர் பதிய வேண்டும். முழு இலங்கைக்கும் 3,500 இடம் அளவில்தான் கிடைக்கிறது, எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும், அந்தக் காலம் பழகப் போதும்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் புலிகளால் துரத்தப்பட்டபோது புத்தளம் போய் அங்கேயே தங்கிவிட்ட ராத்தா (அக்கா) இப்போது வந்து நிற்கிறார். சட்டை போடப் பழகிவிட்டார். தலை பின்னுவதற்கு மட்டும் உம்மா இன்னும் வாப்பாவைத்தான் கூப்பிடுகிறார்.