தகர வீட்டுக்கு மெயின் போர்டு: ஃபியூஸா, எம்.சி.பி.யா, ஆர்.சி.சி.பி.யா?

அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம் தோப்புக்குள் கன்டெய்னர் வீடோ போர்ட்டபிள் கேபினோ இறக்கி வைத்திருப்பவர்கள் ஏ.சி. எந்த கம்பெனி, தரைக்கு என்ன ஷீட் என்றெல்லாம் நாள்கணக்கில் விசாரிப்பார்கள். கரண்ட் விஷயம் மட்டும் வயர்மேன் பாடு. அவரும் மோட்டார் கொட்டகைப் பலகையில் இருந்து ஒரு லைனை இழுத்து, உள்ளே நாலு சுவிட்ச் மாட்டிவிட்டுப் போய்விடுவார். (அந்தக் கொட்டகையில் இருப்பது இலவச விவசாய இணைப்பு என்றால் அதிலிருந்து வீட்டுக்கு எடுப்பதே விதிமீறல். வீட்டு இணைப்பைத் தனியாக வாங்குங்கள், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் கிடைக்கும்.)

செங்கல் வீட்டில் ஒரு வயரின் தோல் உரிந்தால் அந்த இடத்தோடு போகும். இங்கே இரும்புத் தகட்டில் போட்ட ஓட்டையின் விளிம்பில் வயர் உரசி உரிந்தால் வீடு முழுக்கக் கரண்ட் பாயும். உள்ளே இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் சுவர், கட்டில், ஜன்னல் கம்பி எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். மழை பெய்த ஈரத்தரையில் வெறுங்காலோடு வந்து கதவுப் பிடியில் கை வைப்பவருக்குத்தான் அடிக்கும். எந்த போர்டு நல்லது என்பதை இந்த ஆளை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டை. இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கம்பி எரிந்தால் கையில் கிடைத்த தடித்த கம்பியை முறுக்கிப் போடுவது நம் ஊர் வழக்கம். அதற்கப்புறம் ஃபியூஸ் பத்திரமாக இருக்கும், வயரிங்தான் எரியும்.

இரண்டாவது எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். "அதான் எம்.சி.பி. போட்டாச்சே அண்ணே, ஷாக் அடிச்சா தானா விழுந்துரும்" என்று சொல்லாத வயர்மேன் குறைவு. ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் இரண்டுக்கும் அது அருமையான சாதனம்தான். தகர வீட்டில் எர்த் ஃபால்ட் ஆனால், அதாவது ஃபேஸ் கம்பி தகட்டில் பட்டு எர்த் குழி வழியே கரண்ட் மண்ணுக்குப் போனால், கதை வேறு. நம் பக்கம் எர்த் என்பது வீட்டுக்காரர் தோண்டிய குழி. மேலூர்ப் பக்கம் நாலடி தோண்டினாலே பாறை முட்டும் இடங்கள் உண்டு, சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் குழியின் தடை இன்னும் ஏறும். குழிக்கு 20 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்துக்கு 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 25 ஓமால் வகுத்தால் சுமார் 9 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரண லோடு, நாள் முழுக்க விழாமல் நிற்கும். சுவரிலோ 180 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். கதவைப் பிடித்த ஆளைப் பொறுத்தவரை எம்.சி.பி. இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

மூன்றாவது 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கசிவைக் கண்டு விழும் சுவிட்ச். இது எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. ஃபேஸில் போனது நியூட்ரலில் முழுசாகத் திரும்பி வந்ததா என்று மட்டும் கணக்குப் பார்க்கும். குறைந்தால் இரண்டு கம்பியையும் துண்டித்துவிடும். எர்த் குழி காய்ந்து 500 ஓம் ஆகிவிட்டாலும் அதன் வழியே 460 மில்லியாம்பியர் ஓடும். இவ்வளவு கசிவுக்கு 40 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும் என்பது ஐ.எஸ். 12640 தரநிலை. மோசமான மண்ணில் நிற்கும் இரும்பு வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் இல்லை. ஆனால் ஓவர்லோடை இது கண்டுகொள்ளாது, கூடவே எம்.சி.பி. வேண்டும். ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதற்கும் இது விழாது.

ஒரே ஆர்.சி.சி.பி.யை வீடு முழுமைக்கும் போட்டால் வரும் சங்கடம், வாரக் கடைசிக்கு மட்டும் வந்து போகிறவர்களுக்குத்தான் தெரியும். வெளி லைட்டுக்குள் எறும்பு புகுந்தாலோ மழைத்தண்ணீர் இறங்கினாலோ மொத்தமும் விழும், ஃபிரிட்ஜில் இருப்பது கெட்டு நாறும். நாலாவது வழி அதற்குத்தான்: சர்க்யூட்டுக்கு ஒரு ஆர்.சி.பி.ஓ. எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே பெட்டியில் இருக்கும். எந்த லைனில் கசிவோ அது மட்டும் விழும். செலவு கூடும். ஆனால் ஒரு அறை கேபினில் ஏ.சி., ஃபிரிட்ஜ், லைட்டும் பிளக்கும் என்று மூன்று லைன்தானே? என் கைக்காசு என்றால் இதைத்தான் போடுவேன். பட்ஜெட் இடித்தால் ஒரு ஆர்.சி.சி.பி.யும் மூன்று எம்.சி.பி.யும் போதும், வெறும் எம்.சி.பி.யோடு மட்டும் நிறுத்தாதீர்கள். இன்வெர்ட்டர் ஏ.சி. இருந்தால் ஏ.சி. டைப்பை விட்டுவிட்டு ஏ டைப் கேட்டு வாங்குங்கள். இந்த ஏ.சி. குளிர்சாதனம் இல்லை, ஆர்.சி.சி.பி.யின் ரகம்.

மெயின் ஆஃப் செய்யும் சுவிட்சிலும் தேர்வு உண்டு. ஃபேஸை மட்டும் துண்டிக்கும் சிங்கிள் போல் மலிவு. காற்றடித்து லைன் அறுந்து திரும்பக் கட்டும்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டால், ஆஃப் செய்த பிறகும் உள்ளே கரண்ட் இருக்கும். இரண்டு கம்பியையும் துண்டிக்கும் டபுள் போல்தான் வேண்டும். அதையும் கேபின் சுவரில் மாட்டக் கூடாது. சுவரே ஷாக் அடிக்கும்போது அதைத் தொட்டா ஆஃப் செய்ய முடியும்? நாலடி தள்ளி ஒரு கல்தூணில், தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கட்டும். மீட்டரில் இருந்து கேபின் வரை மண்ணுக்குள் வரும் கேபிளை மண்வெட்டி பதம் பார்க்கும். அதனால் மீட்டர் பக்கத்தில் சற்றுத் தாமதித்து விழும் 100 மில்லியாம்பியர் எஸ் டைப் ஆர்.சி.சி.பி. ஒன்றும், கேபினுக்குள் 30 மில்லியாம்பியர் ஒன்றும் இருந்தால் எது எங்கே கோளாறு என்பதும் தெரியும்.

எர்த் குழி தோண்டச் சோம்பல்பட்டு நியூட்ரலையே கேபின் பாடியில் முறுக்கிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். தெருவில் நியூட்ரல் அறுந்தால் உள்ளே ஓடும் ஃபேன் வழியாகவே 230 வோல்ட் சுவருக்கு வந்துவிடும். இந்த ஆபத்துக்காகவே பிரிட்டனில் 2002-ஆம் ஆண்டு விதிகள் கேரவன்களின் உலோக உடலை சப்ளை நியூட்ரலோடு சேர்ந்த எர்த்தில் இணைப்பதைத் தடை செய்திருக்கின்றன. முறுக்கியிருந்தால் பிரித்துப் போட்டு, தனிக் குழி எடுத்து, ஜி.ஐ. பட்டையை கேபினின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

பேட்டரி இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மெயினில் இருக்கும் ஆர்.சி.சி.பி., பேட்டரியில் ஓடும் நேரத்துக் கசிவைப் பார்க்காது. இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்குத் தனியாக ஒன்று வேண்டும், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மற்றதோடு கலக்காமல் வர வேண்டும். கலந்திருந்தால் மெயின் ஆர்.சி.சி.பி. ஓயாமல் விழும். அப்போது அதைக் கழற்றிவிடலாம் என்று வயர்மேன் சொன்னால் ஒத்துக்கொள்ளாமல், நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள்.