மில்லிமீட்டர் மட்டும் உள்ள டேப்பா, இன்ச்சும் சேர்ந்ததா?

ஹார்டுவேர் கடையில் டேப் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு ஓரத்தில் இன்ச், மறு ஓரத்தில் சென்டிமீட்டர் போட்டதுதான். வீட்டுக்கு அது போதும். ஆசாரியிடம் ஏழடி உயரம் என்று பேசவும் அது வேண்டும், பிளைவுட்டே எட்டுக்கு நாலு என்றுதானே விற்கிறார்கள்.

ஆனால் அலமாரி செய்கிறவர்களுக்கு என் ஓட்டு இரண்டு ஓரத்திலும் மில்லிமீட்டர் உள்ளதற்கே. பலகை 18 மில்லி, கீல் குழி 35 மில்லி என்று எல்லாம் மெட்ரிக்கில் இருக்க, நாம் மட்டும் பலகையை முக்கால் இன்ச் என்று கணக்குப் போட்டால் (அது 19.05 மில்லி) ஒரு மில்லி எங்கோ இடிக்கும். அதைவிட, குறி போட வேண்டிய பக்கத்தில் இன்ச் இருந்து, எதிர் ஓரத்துக் கோட்டைக் கண்ணாலேயே நாடாவின் குறுக்கே இழுத்து வருவது இருக்கிறதே, அதில் நான் வீணாக்கிய பலகைகள் கொஞ்சமில்லை.

சிக்கல் கிடைப்பதில்தான். தெருக்கடையில் அரிது, ஆன்லைனில் படத்தைப் பெரிதாக்கி இரண்டு ஓரத்தையும் பார்த்தே வாங்குங்கள். அப்புறம் நாடாவில் துல்லிய வகுப்பு ரோமன் எண்ணில் இரண்டு (II) என்றிருந்தால் 5 மீட்டரில் 1.3 மில்லி வரை பிழை இருக்கலாம், ஒன்று என்றால் 0.6 மில்லி. முனைக் கொக்கி லேசாக ஆடுகிறதே என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அது ஆடத்தான் வேண்டும்.