கறுப்புப் பெட்டி, சிவப்பு ரிபன்

கல்லடியில் அக்கா வீட்டு விறாந்தையில் பெட்டியை வைத்துவிட்டு, முகம் கழுவி, தேத்தண்ணியும் குடித்த பிறகுதான் பார்த்தேன், பூட்டின் இலக்கம் ஒத்துவரவில்லை. மூன்று தரம் சுழற்றினேன். "வயசு போனா மறதி வரும்தானே" என்று அத்தான் ஸ்குரூட்ரைவரோடு வந்துவிட்டார். நெம்பித் திறந்தால் மேலே இரண்டு நிடோ டின், டாங் பைக்கட்டுகள், கோடாலித் தைலம், அடியில் மடித்த தடிப்பான போர்வை. லண்டனிலிருந்து எவன் போர்வை சுமந்து மட்டக்களப்புக்கு வருவான்? இது வளைகுடாவிலிருந்து ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டி. பூட்டு வேறு உடைந்துவிட்டது.

முதல் ஆத்திரம் பஸ் கண்டக்டரில்தான் வந்தது. வெள்ளவத்தையில் இரவு ஏறும்போது பெட்டிகளை டிக்கிக்குள் எறிந்து அடுக்கினார், துண்டும் தரவில்லை, இலக்கமும் ஒட்டவில்லை. விடியப்புறம் கல்லடிப் பாலம் தாண்டியதும் "கல்லடி இறங்குறாக்கள் வாங்க" என்று அவசரப்படுத்தினார். ஆனால் உண்மையைச் சொன்னால், அரை நித்திரையில் டிக்கிக்குள் கைவிட்டு, கறுப்புப் பெட்டியில் சிவப்பு ரிபனைக் கண்டதும் இழுத்து எடுத்தவன் நான். பெட்டி மாறிவிடக் கூடாது என்று மனைவி கட்டிவிட்ட ரிபன் அது. அதே யோசனை உலகத்தில் எல்லா வீட்டிலும் வந்திருக்கிறது.

இதில் வெட்கம் என்னவென்றால், போன வருடம்தான் சவுத்தாம்டனிலிருந்து குரூஸ் கப்பலில் போய் வந்தோம். அங்கே ஒழுங்கு பிசகவில்லை. கப்பல் கம்பெனி தரும் அடையாளத் துண்டை, அதுதான் டக்கை, அச்செடுத்து, கப்பலின் பெயரும் கபின் இலக்கமும் தெரிய ஒவ்வொரு பெட்டியிலும் மாட்டினோம். சவுத்தாம்டனில் கப்பல் ஏறும் டெர்மினல் ஐந்து இருப்பதால் எங்கள் டெர்மினல் எது என்று முதல்நாளே பார்த்துவைத்தோம். வாசலில் போர்ட்டரிடம் பெட்டியைக் கொடுத்தால் பிறகு பின்னேரம்தான் கபின் கதவடியில் காணலாம். அதனால் பாஸ்போட், மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுடுப்பு எல்லாம் கைப்பையில். ஊருக்கு வரும்போது மட்டும் பிரஷர் குளிசை முழுவதையும் பெரிய பெட்டிக்குள் போட்டிருந்தேன். நம்ம ஊர் பஸ்தானே, என்ன நடக்கப்போகுது என்ற நினைப்பு.

மாறி வந்த பெட்டியின் கைபிடியில் விமானக் கம்பெனி ஒட்டிய தாள் இன்னும் இருந்தது. அதிலுள்ள பத்து இலக்கம் அவர்களுக்குத்தான் உதவும், ஆனால் பெயரும் இருந்தது. டவுனில் பஸ் புக்கிங் செய்யும் சின்னக் கடைக்கு ஓட்டோவில் போனேன். அங்கிருந்த தம்பி ஒரு கொப்பியைத் திறந்தார். சீட் இலக்கம், பெயர், இறங்கும் இடம், போன் நம்பர், எல்லாம் நீலப் பேனையில். விரலை வைத்துக்கொண்டே வந்து, "காத்தான்குடி இறக்கம் அண்ணன், இந்தா நம்பர்" என்றார். இரண்டு நிமிட வேலை. காசு நீட்டினேன், வாங்கவில்லை.

போன் எடுத்தவர் உடனே, "அண்ணன், நீங்களா? லண்டனுக்கு நாலு தரம் அடிச்சன், ஒருத்தரும் எடுக்கல" என்றார். என் பெட்டியின் லேபலில் இருந்தது லண்டன் விலாசமும் மனைவியின் நம்பரும். தெரியாத இலங்கை நம்பர் என்றால் காசு கேட்கத்தான் அடிக்கிறார்கள் என்று மனைவி எடுப்பதே இல்லை. ஊருக்கு வரும் பெட்டியில் ஊரில் எடுபடும் நம்பர் அல்லவா இருக்க வேண்டும்!

நாவற்குடா, மஞ்சந்தொடுவாய் தாண்டி, நடுவீதியில் பேரீச்ச மரங்கள் நிற்கும் காத்தான்குடிக்குள் நுழைந்தபோது ஓட்டோக்காரருக்கும் முழுக்கதையும் தெரிந்திருந்தது. என் பெட்டி ஹோலில் துடைத்து வைத்தபடி, பூட்டுக் கலையாமல் இருந்தது. அவர்கள் திறக்கவே இல்லை. நான் உடைத்த பூட்டோடு நின்றேன். "சாமான் எல்லாம் இரிக்குதானே மகன், பூட்டு என்ன பூட்டு" என்று அவருடைய உம்மா பிளேன்டியும் மஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். பெட்டிக்காரர் இவ்வளவு காலமும் அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டி, மாக்கரில் கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதிக்கொண்டு வந்தவராம். இந்த முறைதான் முதல் தரம் நல்ல சூட்கேஸ் வாங்கியிருக்கிறார். அதில் எழுத மனம் வரவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது அக்காவும் அத்தானும் சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏற ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள், மகன் எடுத்துக் கொடுத்த பயணம். அன்றிரவு விறாந்தையில் எனக்குப் பேச நிறைய இருந்தது. கப்பல் புறப்படும் அன்றே கொழும்பிலிருந்து பறக்க வேண்டாம், ஒருநாள் முந்திப் போங்கள் என்றேன். பெட்டி பிந்தினால் விமானக் கம்பெனி அடுத்த விமானத்தில் அனுப்பும், கப்பல் காத்திருக்காது. வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரமுன்னரே முறைப்பாடு எழுதி, கப்பலின் பெயரையும் அது நிற்கும் துறைமுகங்களையும் திகதியோடு கொடுக்க வேண்டும். "ஒரு ராவுக்கு ஹோட்டல் காசு ஆர் கட்டுற?" என்றா அக்கா. பழைய பயணத்தில் ஒட்டிய பார்கோட் தாள்களை அத்தான் நினைவுக்காக வைத்திருந்தார், அதையும் உரித்தேன். ஸ்கேனர் பழையதைப் படித்தால் பெட்டி வேறு திசைக்குப் போய்விடும்.

பெரிய சண்டை அயன் பெட்டிக்கும் ரைஸ் குக்கருக்கும். சூடாகிற சாமான் கபினுக்குள் தீப்பிடிக்கும் என்று கப்பல்காரர் விடமாட்டார்கள். எக்ஸ்ரேயில் கண்டால் பெட்டியை மறித்து வைத்துக்கொள்வார்கள். பின்னேரமாகியும் பெட்டி வரவில்லை, தொலைந்துவிட்டது என்று அழுகிறவர்களில் பாதிப்பேரின் பெட்டி கீழே செக்கியூரிட்டி அறையில் அயனோடு இருக்கும். "சீலையக் கசங்கக் கட்டுறதோ" என்று கேட்டா அக்கா. கப்பலில் லோன்றி உண்டு, காசு கொடுத்தால் தேய்த்துத் தருவார்கள்.

கடைசி இரவு பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கும் வழக்கத்தையும் சொன்னேன். இரவோடு எடுத்துப்போய், நிறத் துண்டின்படி காலையில் கரையில் அடுக்கியிருப்பார்கள். எங்கள் பயணத்தில் மனைவி எல்லாவற்றையும் நேர்த்தியாக அடுக்கி வெளியே வைத்துவிட்டா, என் காற்சட்டை உட்பட. சவுத்தாம்டன் குளிரில் சாரத்தோடு இறங்கிய மட்டக்களப்பான் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் கப்பல் டக்குகளைப் புத்தகக் கடையொன்றில் லமினேட் செய்தோம். கடைப் பையன் துளையை ஓரத்தோடு ஒட்டிக் குத்திவிட்டான், இழுத்தால் கிழியும் போல இருந்தது. அத்தான் துளையைச் சுற்றி டேப் ஒட்டி, வாவியில் மீன் பிடிக்கிற தங்கூசியால் இறுக்கிக் கட்டினார். உள்ளேயும் ஒரு தாள் வைத்தோம், பெயர், கப்பல், கபின், மருமகனின் நம்பர். கபின் மாற்றித் தந்தால் டக்கும் புதிதாக எடுக்க வேண்டும் என்று வெற்றுக் கவர் இரண்டும் கொடுத்தேன். அக்கா சிவப்பு ரிபனோடு வந்தா. வேண்டாம் என்றேன்.

அதைக் கேட்ட அத்தான் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தடித்த வெள்ளை மாக்கரை எடுத்துவந்தார். காத்தான்குடிக் கதை அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டு புதுப் பெட்டியின் முகப்பிலும், கையளவு எழுத்தில், தமிழில் 'கல்லடி' என்று எழுதிவிட்டார். அக்கா அன்றிரவு அவரோடு கதைக்கவில்லை.