டிரைவர் அப்டேட்டுக்கு 1,800 ரூபாய் வாங்கினார்கள், அது இலவசம்

காரைக்குடிப் பக்கம் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ரிப்பேர் ஆளைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு முகப்பில் இருக்கும் கம்ப்யூட்டர் 2013இல் வாங்கியது. திரையில் படம் காட்ட என்விடியாவின் ஜீஃபோர்ஸ் ஜிடி 610 கார்டு, விண்டோஸ் 10. அந்தக் கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்தான் டிரைவர். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனோடு அப்பத்தா வாராவாரம் பேசுவது அதில்தான். பெரிய திரையில்தான் அவருக்கு முகம் தெரியும். போன மாதம் திரை விட்டுவிட்டுக் கறுப்பானது. டவுனில் ஒரு கடைக்குச் சொன்னோம், ஆள் வந்தார்.

"டிரைவர் பழசா இருக்குண்ணே, அப்டேட் பண்ணிட்டா சரியாப் போயிடும்" என்று பென்டிரைவிலிருந்து ஏதோ அப்டேட்டரை ஏற்றினார். ஒரு வருஷ லைசென்ஸ், 1,800 ரூபாய். அரை மணி நேரம் ஓடியது. மறுபடி ஆன் செய்தால் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, வீடியோ திக்கித் திக்கி. உடனே அவர், "கார்டு போயிருச்சுண்ணே, புதுசு 5,500 ஆகும், பழச நான் எடுத்துக்கிறேன்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் ஓடிய கார்டு அரை மணியில் எப்படிப் போகும்? யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ராத்திரி, கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரை விண்டோஸில் திறந்தேன். கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தது, சரியான டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் தானே போட்டுக்கொள்ளும் பொது டிரைவர் அது. கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் டிரைவர்தான் காணாமல் போயிருந்தது. ஜிடி 610, என்விடியாவின் ஃபெர்மி என்ற பழைய வகை. அந்த வகைக்கு 2018 மார்ச்சில் வந்த 391.35 எண் டிரைவர்தான் கடைசி. அதற்குப் பின் வந்த டிரைவர்கள் இந்தக் கார்டை ஏற்கவே ஏற்காது. அப்டேட்டர், ஏற்கெனவே இருந்த டிரைவரை எடுத்துவிட்டது, புதியது உட்காரவில்லை. பழைய கார்டுக்குப் புது டிரைவர் நல்லது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அப்டேட்டரை நீக்கினேன். என்விடியா தளத்தில் கார்டு பெயரையும் விண்டோஸையும் தேர்ந்தெடுத்து 391.35ஐ இறக்கினேன். காசு கிடையாது. போடும்போது 'கஸ்டம்' போய் 'கிளீன் இன்ஸ்டாலேஷன்' (பழையதைத் துடைத்துவிட்டுப் போடுவது) என்பதை டிக் செய்தேன். ஒரு ரீஸ்டார்ட், திரை பழையபடி வந்துவிட்டது. அப்புறம் பின்னால் எட்டிப் பார்த்தால் திரைக்குப் போகும் விஜிஏ கேபிளின் திருகு தளர்ந்து கிடக்கிறது! இறுக்கியதிலிருந்து கறுப்பாவதும் இல்லை.

கடையில் போய்க் கேட்டேன். "லைசென்ஸ் போட்டாச்சு, திருப்ப முடியாது" என்கிறார்கள். பில் நான் கேட்டு வாங்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. அந்த ஆள் இன்னும் வீடு வீடாக வருகிறார். யாரையும் தொட விடுவதற்கு முன், கார்டின் பெயரையும் இப்போதிருக்கும் டிரைவர் எண்ணையும் டிவைஸ் மேனேஜரில் பார்த்து எழுதி வையுங்கள். எது நடந்தாலும் கார்டைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.