இரண்டு மாதச் சம்பளப் பைனாகுலரைத் திறந்து நாசமாக்கிக் கொடுத்திருக்காங்க

பறவை பார்க்கிற நண்பர்கள் கண்ணில் இது படணும். வயிறு எரிஞ்சுதான் எழுதுறேன்.

என் இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டு வாங்கின பைனாகுலர் அது. கொஞ்ச நாளா ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பினா முதல்ல சும்மா சுத்தும் (இதைத்தான் 'ப்ளே'ம்பாங்க), அப்புறம்தான் உள்ளே பிடிக்கும். போதாததுக்கு, ரெண்டு கண்ணோட பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டற டயாப்டரும் நழுவ ஆரம்பிச்சது. இடது கண்ணுக்குக் கதிர்க்குருவியோட புருவக்கோடு பளிச்சுனு தெரியும், வலது கண்ணுக்கு வெறும் பச்சை. இந்த மாதிரி மாடல்ல சக்கரம் ஒரு தண்டு வழியா ரெண்டு குழாய்க்குள்ள இருக்கிற லென்ஸையும் நகர்த்தும். அந்த இணைப்பு தேஞ்சாலோ தளர்ந்தாலோ ரெண்டு பக்கமும் சேர்ந்து நகராது.

வலசைப் பறவைகள் வர்ற நேரம். தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பினா சீசனே போயிடும்னு இணையத்தில் தேடினப்போதான் "அங்கீகாரம் பெற்ற சர்வீஸ்"னு கொட்டை எழுத்தில் போட்டிருந்த அந்த இடம் கிடைச்சது. போன் பண்ணேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வியே, "டயாப்டர் நழுவுதா சார், இல்ல சக்கரத்துல மட்டும் ப்ளே இருக்கா?" இவ்வளவு சரியா கேட்கிற ஆள்மேல யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அந்த ஒரு கேள்விக்குத்தான் இரண்டு மாதச் சம்பளத்தைப் பெட்டியில் கட்டி அனுப்பினேன்.

திரும்பி வந்தது. சக்கரம் அருமையா சுத்துது, அதை இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா தூரத்துல ஒரு மின்கம்பி ரெண்டா தெரியுது! கொஞ்ச நேரம் பார்த்தாலே நெத்திப்பொட்டு வலிக்குது. உள்ளே ஒளியைத் திருப்பி விடற பிரிசம் இம்மி நகர்ந்தாலும் ரெண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்காது. அடுத்த குளிர்ந்த காலையில் லென்ஸுக்கு உள்பக்கம் பனி படர்ந்தது. துடைக்கவே முடியாத இடம். ஈரம் புகாம இருக்க நைட்ரஜன் நிரப்பி, ஓ-ரிங்ங்கிற ரப்பர் வளையம் போட்டு மூடின பொருளைத் திறந்துட்டு, மறுபடி நிரப்பாம அப்படியே மூடி அனுப்பியிருக்கான்.

கேட்டா, "கண்ணு பழகணும் சார்."

மறுபடி கேட்டா, "வெயில்ல வைங்க, காஞ்சிடும்."

அப்புறம் "டெக்னீஷியன் லீவு." கடைசியா, "நீங்க கீழ போட்டிருப்பீங்க." அதுக்கப்புறம் நீல டிக் மட்டும் வருது, பதில் இல்லை.

வேற வழியில்லாம நிறுவனத்துக்கே அனுப்பினேன். இன்னிக்குப் பதில் வந்தது. வெளியாள் திறந்திருக்கார், அதனால வாரண்டி செல்லாது. முழுசா பிரிச்சு அடுக்கணும்னா இன்னொரு மாதச் சம்பளம். அந்த இடத்துக்கு அவங்க அங்கீகாரமே கொடுக்கலையாம். ஆக இரண்டு மாதச் சம்பளம் மூணாகுது.

விவரமா ஒரு பட்டியல் போடலாம்னுதான் உட்கார்ந்தேன், இப்போ பொறுமை இல்லை. அங்கீகாரம் இருக்கான்னு சர்வீஸ்காரனைக் கேட்காதீங்க, தயாரிப்பாளருக்கே எழுதிக் கேளுங்க. திறந்தா நைட்ரஜன் மறுபடி நிரப்புவீங்களா, ரெண்டு குழாயையும் ஒரே இடத்தைப் பார்க்கிற மாதிரி சரி பண்ற கொலிமேஷன் கருவி இருக்கான்னு எழுத்துல வாங்குங்க. சீரியல் நம்பர் தெரியற மாதிரி வீடியோ எடுத்துட்டு அனுப்புங்க. திரும்பி வந்ததும் ஒரு கம்பியையோ கூரை விளிம்பையோ பார்த்துக்கிட்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்க. ரெண்டா பிரிஞ்சா அன்னிக்கே புகார் கொடுங்க. சக்கரத்துல ப்ளே மட்டும்தான்னா, சீசன் முடியற வரைக்கும் அதோடயே ஓட்டுங்க.